ஆர்.சி. கார் கிளப்பில் ஆள் குறைகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறு தேடும் வழிமுறை

இது சிறிய ஆர்.சி. கார் பந்தயக் கிளப்புகளை நடத்துகிறவர்களுக்காக எழுதியது. ஆர்.சி. கார் என்பது ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் சின்னக் கார். வாடகைக் கூடத்திலோ வாகன நிறுத்தத்திலோ மண் திடலிலோ டிராக் போட்டு, பந்தயம் முடிந்ததும் சுருட்டி எடுத்து வைக்கும் கிளப்புகளைச் சொல்கிறேன். அவற்றில் வரும் கோளாறுகள் எங்கே போனாலும் பெரும்பாலும் ஒன்றுதான். எனவே அறிகுறிகளையே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்கள் கிளப்புக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

தொடங்குமுன் ஒன்று. இந்தச் சோதனைகளைக் கிளப்பின் வேகமான ஓட்டுநர்களைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அவர்கள் மோசமானவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிளப் நன்றாகவே நடப்பதுபோலத் தெரியும். முடிவுப் பட்டியலின் கீழ்ப்பாதியில் பெயர் வருகிறவர்களைக் கேளுங்கள். அந்தப் பாதி வரவில்லையென்றால் வாடகைக்குப் பணம் இருக்காது, மார்ஷல் (டிராக்கில் கவிழ்ந்த காரை நிமிர்த்தி விடுபவர்) நிற்க ஆளும் இருக்காது.

அறிகுறி 1: புதியவர் ஒருமுறை வந்தார், மறுமுறை வரவில்லை

அதிகம் பார்க்கிற கோளாறு இதுதான். வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் காரணம், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை." அதை ஒதுக்கிவிட்டு, அவர் உங்களிடம் கழித்த நாளைக் கடிகாரத்தில் அளந்து பாருங்கள். மூன்று ஹீட் (தகுதி ஓட்டம்), ஒரு ஃபைனல் (இறுதி ஓட்டம்), ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்றால் மொத்தம் 20 நிமிடம். காலை 9 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பியிருந்தால், 8 மணி நேரத்தில் 20 நிமிடம் கார் ஓட்டியிருக்கிறார். இரண்டாவது ஹீட்டின் தொடக்கத்தில் முன்பக்க ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை) உடைந்து நின்றிருந்தால் அது 5 நிமிடம்தான். பொறுமையைப் பற்றி இதற்குமேல் பேச வேண்டியதில்லை.

*யாராவது அவரிடம் பேசினார்களா?*
இல்லையென்றால் கோளாறு கிடைத்துவிட்டது. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்ட வேலையை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பந்தய நாளுக்கும் ஒருவர் பெயரை எழுதிப்போடுங்கள். எந்த மேசையில் அமரலாம், சார்ஜரை எங்கே செருகுவது, தன் ஹீட் எப்போது, எப்போது மார்ஷல் நிற்க வேண்டும், முடிவு எங்கே ஒட்டப்படும், கழிப்பறை எங்கே: இந்த ஆறையும் அவர் கேட்காமலே சொல்வது அந்த ஒருவரின் வேலை. ஓட்டும் வித்தையை முதல் நாளே கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

*பேசினார்கள் என்றால், என்ன பேசினார்கள்?*
"அண்ணா, இந்தக் காரை இங்கே ஓட்டலாமா?" என்று கேட்டவனுக்கு "இது பொம்மை தம்பி, தாங்காது" என்று பதில் சொன்னால், அவன் அந்தக் காரோடு வாசலைத் தாண்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சில் அடுத்த வாக்கியம் கடைக்கான வழிகாட்டலாக இருக்கக் கூடாது. "இன்று இதையே ஓட்டு, பார்க்கலாம்" என்பதாக இருக்க வேண்டும். டிராக்குக்கும் பிறருக்கும் ஆபத்து இல்லாத எந்தக் காரும் முதல் நாள் ஓடலாம் என்பதை எழுதப்பட்ட விதியாகவே வைத்துவிடுங்கள். வாய்மொழியாக இருந்தால் ஆளுக்கு ஆள் மாறும்.

*கார் உடைந்ததா?*
பெட்டியிலிருந்து எடுத்து நேராகக் கொண்டுவந்த கார் முதல் ஹீட்டிலேயே நிற்பதற்குப் பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள்தான் இருக்கும். ஹீட்டுக்கு முன் ஒருவர் 5 நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பார்க்கட்டும்: சக்கர நட்டுகள், பினியனை (மோட்டாரில் உள்ள சிறிய பல்சக்கரம்) இறுக்கும் சிறு திருகு, பினியனுக்கும் ஸ்பர் கியருக்கும் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) உள்ள இடைவெளி, பேட்டரியைக் கட்டும் பட்டை, ஸ்டியரிங் ட்ரிம் (காரை நேராக ஓட வைக்கும் திருத்தம்), டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்) அணைத்தால் கார் நிற்கிறதா என்பது. கடைசியாகச் சொன்னதை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

பிறகு வேகத்தைக் குறையுங்கள். பல டிரான்ஸ்மிட்டர்களில் த்ராட்டிலின் (வேகக் கட்டுப்பாடு) உச்ச அளவைக் குறைக்கும் வசதி உண்டு. ட்ராக்சஸ் நிறுவனத்தின் பல கார்களில் பயிற்சி நிலை என்றே ஒன்று இருக்கிறது. அது சக்தியைப் பாதியாக்கும். புதியவருக்கு இதைச் செய்துகொடுத்தால் தடுப்பில் மோதுவது குறையும், சுற்று நேரம் கூடுவதற்குப் பதில் குறையவும் செய்யலாம். அவமானமாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். மூன்றாம் சுற்றில் அவரே சிரிப்பார்.

*ஓடியது, ஆனால் யாரோடு ஓடினார்?*
சுற்றுக்கு 5 விநாடி வேகமாகப் போகிறவர்களோடு அவரைச் சேர்த்தால், ஹீட் முழுவதும் "ஓரம் போ, ஓரம் போ" என்பதைத்தான் கேட்பார். கார் வகை எதுவானாலும் புதியவர்களுக்கென்று ஒரு ஹீட் வையுங்கள். எல்லோரையும் ஒன்றாகக் கிளப்பாமல், ஒவ்வொரு காரையும் சில விநாடி இடைவெளியில் தனித்தனியே கிளப்பி விடுங்கள். முதல் வளைவின் குவியல் தவிர்க்கப்படும். அந்த ஹீட்டில் தொடர்ந்து வெல்கிறவரை மேலே ஏற்றிவிட வேண்டும். கோப்பைக்காகக் கீழேயே தங்குகிற ஓர் ஆள் எல்லாக் கிளப்பிலும் உண்டு, உங்கள் கிளப்பிலும் இருப்பார்.

*டிரான்ஸ்பாண்டர் வாங்கச் சொன்னீர்களா?*
டிரான்ஸ்பாண்டர் என்பது சுற்றுகளை எண்ணுவதற்காகக் காரில் வைக்கும் சிறு கருவி. சொந்த டிரான்ஸ்பாண்டரின் விலை, தொடக்கநிலைக் கார் ஒன்றின் விலையில் கணிசமான பங்கு. கிளப்பிடம் இரவல் டிரான்ஸ்பாண்டர்கள் ஒரு பெட்டி இருக்கட்டும். எண் எழுதி, கார் சாவியையோ அடையாள அட்டையையோ வாங்கி வைத்துக்கொண்டு கொடுங்கள். அப்போதுதான் மாலையில் திரும்பி வரும்.

*இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா?*
அப்போதுதான் காசு செலவாகும் மருந்து: கிளப்பின் சொந்த இரவல் கார்கள். இரண்டோ மூன்றோ, எல்லாம் ஒரே மாடல். வேறு வேறு மாடல் வாங்கினால் உதிரிபாகப் பெட்டியும் அத்தனை மடங்காகும். வருகிறவர் முதல் நாள் நுழைவுக் கட்டணம் மட்டும் கொடுத்து ஓட்டிப் பார்க்கட்டும். வாங்குவதா என்பதைப் பிறகு யோசிக்கட்டும். கார்களைப் பராமரிக்க ஓர் ஆள் ஒப்புக்கொண்ட பிறகு வாங்குங்கள். ஆள் இல்லாமல் வாங்கிய இரவல் கார்கள் சில மாதங்களில் அலமாரியில் உடைந்த பிளாஸ்டிக்காகக் கிடக்கும்.

அறிகுறி 2: ஒவ்வொரு பிரிவிலும் மூன்று நான்கு கார்தான் ஓடுகிறது

வந்தவர்களை எண்ணுங்கள், பிரிவுகளையும் (ஒரே வகைக் கார்கள் சேர்ந்து ஓடும் போட்டிகள்) எண்ணுங்கள். 24 பேர், 8 பிரிவு என்றால் பிரிவுக்கு 3 கார். அதே 24 பேர், 3 பிரிவு என்றால் 8 கார். முன்னது பயிற்சி ஓட்டம், பின்னது பந்தயம்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். ஓர் ஓட்டத்துக்கு இடைவெளியும் சேர்த்து 8 நிமிடம், பிரிவுக்கு 4 ஓட்டம் என்று வைத்தால், 8 பிரிவுக்கு 256 நிமிடம். 3 பிரிவுக்கு 96 நிமிடம். மிச்சமாகும் நேரத்தில் ஒவ்வொருவருக்கும் கூடுதல் ஹீட் கொடுக்கலாம், அல்லது எல்லோரும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போகலாம்.

செலவில்லாத தீர்வு: குறைந்தது 5 கார் சேராத பிரிவு அன்று தனியாக ஓடாது. வேகம் ஒத்துவரும் இன்னொரு பிரிவோடு சேர்ந்து ஓடும், முடிவு மட்டும் தனியாக எடுக்கப்படும். யாரையும் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

இதைவிடக் கடினமான பகுதி, புதிய பிரிவைத் தொடங்கச் சொல்லி வருகிற கோரிக்கையை மறுப்பது. புதிதாக ஒரு மாடல் கடைக்கு வந்ததும் நான்கு பேர் வாங்கிவிட்டு, "இதற்கு ஒரு பிரிவு போடுங்கள்" என்பார்கள். அந்த நால்வர் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் பிரிவிலிருந்து வந்தால் கிளப் வளரவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2008இல் வந்த ட்ராக்சஸ் ஸ்லாஷ் விதிவிலக்கான வரவு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓடும் ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண் தடப் பந்தய டிரக்கின் சிறு வடிவம்) அது. எல்லோரிடமும் ஒரே வண்டி என்பதால் புதியவர்கள் திரண்டார்கள். பிறகு பந்தயத்துக்கென்றே செய்த விலை உயர்ந்த ஷார்ட் கோர்ஸ் வண்டிகளும், நான்கு சக்கர இழுவை வகையும் வந்தன. விதியை இறுக்கிப் பிடித்து ஒரே வண்டியோடு நின்ற பல இடங்களில் பிரிவு நீடித்தது. திறந்துவிட்ட பல இடங்களில் சுருங்கிப்போனது.

அறிகுறி 3: "கட்டுப்படியாகவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்

முதலில் எது கையைக் கடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊகிக்காதீர்கள். பெயர் எழுதாத துண்டுச்சீட்டு கொடுத்து, கடந்த மூன்று மாதத்தில் நுழைவுக் கட்டணம், டயர், மோட்டார், பேட்டரி, உடைந்த பாகம் ஆகிய ஐந்துக்கும் எவ்வளவு போனது என்று எழுதி வாங்குங்கள். கிளப்புகள் வழக்கமாக நுழைவுக் கட்டணத்தைக் குறைக்கத்தான் ஓடுகின்றன. சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் பெரிய தொகை அநேகமாக வேறெங்கோ இருக்கும். கட்டணத்தைக் குறைத்துக் கிளப்பின் இருப்பைக் கரைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

*பெரிய தொகை உடைந்த பாகத்திலா?*
டிராக்கைப் பாருங்கள். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மரப்பலகை நிற்கிறதா? வளைவின் உள்முனையில் காரைத் தூக்கி எறிகிற கூரான தடுப்பு இருக்கிறதா? நேர்ப்பாதையைச் சுருக்குங்கள். மோதல் நடக்கும் இடங்களில் மடிப்பு வைத்த பிளாஸ்டிக் வடிகால் குழாயோ பழைய தீயணைப்புக் குழாயோ போடுங்கள். டிராக் வரைபடத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. வேகமான ஓட்டுநர்கள் நேர்ப்பாதை போனதற்கு முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

*டயரிலா?*
ஒரே டயர், எல்லோருக்கும். பிராண்டும் ரப்பர் கலவையும் எழுதப்பட வேண்டும். அடுத்து, ஒரு செட் இத்தனை பந்தய நாளுக்கு என்று வரம்பு வைத்து, டயரின் பக்கவாட்டில் பெயிண்ட் பேனாவால் குறியிடுங்கள். வரம்பு இல்லாமல் ஒரே டயர் என்று மட்டும் சொன்னால், காசுள்ளவர் ஒவ்வொரு வாரமும் புதியதைப் போட்டு வருவார். விதி இருந்தும் பயனில்லை. டயரை மென்மையாக்கப் பூசும் திரவங்களுக்கும் இதே கதி: ஒன்றே ஒன்றை அனுமதியுங்கள், அல்லது முழுக்கத் தடை செய்யுங்கள். மூடிய கூடத்தில் தடைதான் நல்லது. அந்த வாடையால் வாடகைக் கூடத்தை இழப்பது டயர் விலையைவிடப் பெரிய நஷ்டம்.

*மோட்டாரிலா?*
இந்தக் கிளை சற்று நீளம், ஏனென்றால் ஏமாற்றும் கிளை. "ஸ்டாக்" (மோட்டாரின் சக்தியைக் கட்டுப்படுத்திய பிரிவு) என்ற பெயர் மலிவாகத் தெரியும். 17.5 டர்ன் (கம்பிச் சுற்றின் அளவு) பிரஷ்லெஸ் (தூரிகை இல்லாத) மோட்டாரும், டைமிங் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் நேரத்தை முன்தள்ளி வேகம் கூட்டுவது) கூட்டாத ஸ்பீடு கன்ட்ரோலரும் என்பது பரவலான ஸ்டாக் விதி. கன்ட்ரோலரின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் டைமிங் பூஜ்யம் என்று அர்த்தம், அதனால் 'பிளிங்கி' என்பார்கள். ஆனால் மோட்டாரின் பின்மூடியைத் திருப்பினால் டைமிங் கூடும். ஒரே 17.5 டர்ன் என்றாலும் ரோட்டார் (உள்ளே சுழலும் காந்தம்) மாறும், கம்பியின் மின்தடை மாறும். எல்லோருக்கும் ஒரே சக்தி என்ற இடத்தில் ஒரு துளி கூடுதல் சக்திக்கும் விலை உண்டு. அதனால் சக்தி குறைந்த பிரிவில்தான் சிலசமயம் மோட்டார் மாற்றம் அதிகமாக நடக்கிறது. பலரும் இதை நம்ப மறுப்பார்கள், துண்டுச்சீட்டைக் காட்டுங்கள்.

செலவில்லாத முதல் படி, கியர் விகிதத்தைப் பூட்டுவது. பினியன், ஸ்பர் பற்களின் எண்ணிக்கையை விதியில் எழுதிவிட்டால், கியரை மாற்றி வேகம் தேடும் வழி அடைபடும். இரண்டாம் படி, ஒரே மாடல் மோட்டார். மூன்றாம் படிக்குக் கொஞ்சம் முதலீடு வேண்டும்: கிளப்பே மோட்டார்களை வாங்கி, எண் போட்டு, காலையில் சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வது. டாமியா நிறுவனத்தின் பல கிட்களோடு (நாமே பூட்டும் கார்கள்) வருகிற 540 வகை பிரஷ் மோட்டார் இதற்குப் பொருத்தமானது. மூடிய டப்பா, பிரித்து வேலை செய்ய இடம் இல்லை, விலையும் சிறிது. இரண்டு மோட்டார்களுக்குள் வேறுபாடு இருக்கும். குலுக்கல் அதை நாளுக்கு நாள் பங்குபோட்டுவிடும்.

*பேட்டரியிலா?*
2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) முழுச் சார்ஜில் 8.40 வோல்ட். உயர் வோல்ட் வகையை 8.70 வரை ஏற்றலாம். அது வேண்டாம் என்று விதியில் எழுதுங்கள். புறப்படும் கோட்டில் சின்ன மீட்டரை வைத்து 8.40க்கு மேல் இருந்தால் அந்த ஓட்டம் இல்லை. ஸ்டாக் மோட்டாரில் 5 நிமிடம் ஓட 5000 எம்.ஏ.எச். (கொள்ளளவின் அலகு) பேட்டரியில் பாதிகூடத் தீராது. புதியவரிடம் "பெரிய பேட்டரி வாங்கு" என்று சொல்கிறவரை நிறுத்துங்கள்.

*சேஸிஸிலா (காரின் சட்டகம்)?*
ஒரே மாடல் பிரிவாக இருந்தால் தவிர, இதில் கை வைக்க வேண்டாம். தடைப்பட்டியல் நீளும், சண்டை வளரும், மிச்சம் ஒன்றும் இருக்காது.

எந்த விதிக்கும் ஒரே அளவுகோல்: சோதனை மேசையில் ஒரு நிமிடத்துக்குள், எளிய கருவியால், எவராலும் சரிபார்க்க முடிய வேண்டும். முடியாதென்றால் எழுதாதீர்கள். அமெரிக்காவின் ரோர், பிரிட்டனின் பி.ஆர்.சி.ஏ. போன்ற தேசிய ஆர்.சி. பந்தய அமைப்புகளின் விதிநூல்களைப் படிக்கலாம், பாதுகாப்புப் பகுதிகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சாம்பியன்ஷிப்புக்காக எழுதிய மோட்டார் பட்டியலை 15 பேர் கூடும் கிளப்புக்குச் சுமத்துவது வீண். விதி மாற்றம் ஆண்டுக்கு ஒருமுறை, பருவம் தொடங்குமுன் மட்டும். பருவத்தின் நடுவில் மாற்றினால், நேற்று வாங்கியவர் நாளை வர மாட்டார்.

அறிகுறி 4: நாள் இழுத்துக்கொண்டே போகிறது

ஒரு ஹீட் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் உள்ள இடைவெளியைக் கைக்கடிகாரத்தில் குறியுங்கள். 3 நிமிடத்துக்கு மேல் போனால் காரணம் தேடுங்கள். யாருடைய காருக்காகவோ காத்திருக்கிறீர்களா? காத்திருக்க வேண்டாம், அது யாராக இருந்தாலும். "தலைவர் கார் பழுதுபார்க்கிறார்" என்று ஒருமுறை நிறுத்தினால் பிறகு எல்லோரும் கேட்பார்கள். எண்ணிக்கை இறங்கும் கடிகாரம் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆள் இல்லாமல் தாமதமென்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 5: மார்ஷல் நிற்க ஆள் இல்லை

வழக்கமான விதி: தன் ஹீட்டை முடித்தவர் அடுத்த ஹீட்டுக்கு மார்ஷல். விதி இருந்தும் ஆள் வரவில்லையென்றால் தண்டனை இல்லை என்று பொருள். வராதவரின் சிறந்த ஓட்டத்தை நீக்கிவிடுங்கள். வேகமானவர் ஒருவருக்கு ஒருமுறை அதைச் செய்தால் போதும்.

ஹீட்டில் மூன்றே கார் ஓடுவதால் மூன்றே மார்ஷல் கிடைக்கிறார்கள் என்றால் அது அறிகுறி 2. முதியவரோ கால் வலி உள்ளவரோ மார்ஷல் நிற்க முடியாது என்றால் அவரைச் சுற்று எண்ணவோ அறிவிப்புச் செய்யவோ வையுங்கள். அதற்காக அவரை இழக்காதீர்கள். மூடிய காலணி எல்லோருக்கும் கட்டாயம். 1/8 அளவு பகி (அசல் வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மண் தடக் கார்) 3 கிலோவுக்கு மேல் எடை கொண்டது, வேகமாக வந்து கணுக்காலில் பட்டால் எலும்பு தாங்காது. அந்த வகை ஓடும்போது சிறுவர்களை டிராக்குக்குள் விடவே கூடாது.

அறிகுறி 6: ஓட்டுநர் மேடையில் கத்தல்

ஓட்டுநர்கள் நின்று காரை இயக்கும் மேடையில் யார் கத்துகிறார் என்று பாருங்கள். ஒரே ஆளா, பலரா?

பலர் என்றால் டிராக்கில் குற்றம் இருக்கலாம். குறுகிய முதல் வளைவு, முந்த இடமில்லாத பாதை. அதை அகலப்படுத்துங்கள். மெதுவான காரை வழிவிடச் சொல்லும் வேலையைப் பந்தயத்தை நடத்துகிறவர் மட்டும் ஒலிபெருக்கியில் செய்யட்டும், எண்ணைச் சொல்லி, அமைதியாக. ஓட்டுநர்கள் பேசவே கூடாது.

ஒரே ஆள் என்றால் டிராக்கை மாற்றி ஒன்றும் ஆகாது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டாம் முறை மார்ஷலைத் திட்டினால் அன்றைய நாள் முடிந்தது, கட்டணம் திரும்பாது. அவர் கிளப்புக்கு டிராக் தடுப்பு வாங்கிக் கொடுத்தவராக இருக்கலாம், எல்லோரைவிடவும் வேகமாக ஓட்டுபவராக இருக்கலாம். அவரால் வராமல் போனவர்களை நீங்கள் எண்ண முடியாது, அதுதான் சிக்கல். அவர்கள் சொல்லாமல் போய்விடுகிறார்கள். மிரட்டலோ கைகலப்போ வந்தால் சமரசக் கூட்டம் போடாதீர்கள். உடனே நீக்கிவிட்டு, தேவையானால் காவல்துறையை அழையுங்கள்.

அறிகுறி 7: சுற்று எண்ணிக்கை தவறுகிறது

இது கருவிக் கோளாறு, ஆனால் இதனால் போகிறவர்கள் நிறைய. ஓடிய சுற்று கணக்கில் வரவில்லையென்றால் புதியவர் தன்னைத்தான் சந்தேகிப்பார், பழையவர் உங்களைச் சந்தேகிப்பார்.

ஒரே கார் தவறுகிறதா, எல்லாக் கார்களுமா?

*ஒரே கார்:* டிரான்ஸ்பாண்டர் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது? கார்பன் ஃபைபரோ உலோகமோ அதற்கும் தரைக்கும் நடுவில் இருந்தால் சமிக்ஞை பலவீனமாகும். சேஸிஸில் துளை இருக்கும் இடத்துக்கு மேல் வையுங்கள், மோட்டார் கம்பிகளிலிருந்து தள்ளி வையுங்கள். ரிசீவரில் (ரிமோட்டின் சமிக்ஞையைப் பெறும் பெட்டி) செருகிய பிளக் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகும் தவறினால் கிளப்பின் இரவல் டிரான்ஸ்பாண்டரை மாட்டி ஓட்டுங்கள். அது எண்ணினால் அவருடையது பழுது.

*எல்லாக் கார்களும்:* தரையில் பதித்த வளையக் கம்பியில் (டிரான்ஸ்பாண்டரின் சமிக்ஞையைப் பிடிப்பது) வெட்டு இருக்கிறதா? டெக்கோடருக்குப் (அந்தச் சமிக்ஞையைச் சுற்றுக் கணக்காக்கும் பெட்டி) போகும் கேபிளை யாராவது மிதித்துவிட்டார்களா? வளையத்தின் மறுமுனையில் உள்ள மின்தடை கழன்றிருக்கிறதா? மைலாப்ஸ் போன்ற சுற்று எண்ணும் அமைப்புகளில் ஒவ்வொரு கடப்புக்கும் சமிக்ஞையின் வலிமை திரையில் தெரியும். எண்கள் எல்லாக் காருக்கும் ஒன்றாகச் சரிந்திருந்தால் வளையமே காரணம்.

*சுற்று கூடுதலாக வருகிறதா:* வளையத்துக்கு மிக அருகில் பாதையின் இன்னொரு பகுதி ஓடுகிறது. அந்தப் பகுதியை வளையத்திலிருந்து விலக்கி அமையுங்கள்.

வளையத்தை மாற்றியும் சரியாகவில்லையென்றால் டெக்கோடரைத் திறக்காமல் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு அனுப்புங்கள். கிளப்பின் விலை உயர்ந்த பொருள் அநேகமாக அதுதான். அது திரும்பும்வரை தாளில் கோடு போட்டு எண்ணலாம்; ஓர் ஆளுக்கு ஒரு கார் என்றால் தாராளமாக முடியும். டெக்கோடரே இல்லாத கிளப்பும் இப்படித் தொடங்கலாம். பந்தயத்துக்கு டெக்கோடர் முன்நிபந்தனை என்ற எண்ணம் பல கிளப்புகளைப் பிறக்கவே விடவில்லை.

அறிகுறி 8: பிட் பகுதியில் (காரைத் தயார் செய்யும் மேசைகள் உள்ள இடம்) மின்சாரம் துண்டிக்கப்படுகிறது, அல்லது பேட்டரி சூடாகிறது, வீங்குகிறது

மின்சாரம் என்றால் முதலில் கூட்டல் கணக்கு. 230 வோல்ட் இணைப்பில் 10 ஆம்பியர் என்பது 2,300 வாட். 5000 எம்.ஏ.எச். பேட்டரியை 5 ஆம்பியரில் ஏற்றினால் ஏறத்தாழ 42 வாட்தான் பேட்டரிக்குப் போகிறது, அது பெரிய சுமை அன்று. டயர் சூடேற்றியும் சால்டரிங் அயனும் மின்விசிறியும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் தொங்கும்போதுதான் ஏறும். சூடேற்றிகளைத் தடை செய்தால் செலவும் குறையும், மின்சுமையும் குறையும். பெட்டிக்குள் பெட்டியாக நீட்டிப்புகளைச் செருகுவதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் துண்டித்தால், அல்லது பிளக் சூடானால், அல்லது எரிந்த வாடை வந்தால், நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற மின் பணியாளரை அழையுங்கள். உறுப்பினர் ஒருவர் "நான் பார்க்கிறேன்" என்பார். வேண்டாம்.

பேட்டரி சூடானால் சார்ஜர் அமைப்பைப் பாருங்கள். லிப்போவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற வேறு வகைப் பேட்டரிக்கான அமைப்பில் வைத்து ஏற்றுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு, ஆபத்தானதும்கூட. அவர்கள் முதல்முறை சார்ஜ் செய்யும்போது ஒருவர் அருகில் நிற்க வேண்டும். பேலன்ஸ் கம்பி (செல்களைச் சமமாக ஏற்றுவதற்கானது) செருகியிருக்கிறதா, மின்னோட்டம் பேட்டரிக் கொள்ளளவுக்கு ஏற்றதா, தீப்பிடிக்காத பைக்குள் இருக்கிறதா: மூன்றையும் பாருங்கள். ஆள் இல்லாமல் எதுவும் சார்ஜ் ஆகக் கூடாது. வீங்கிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். இனி சார்ஜ் செய்யாமல் வெளியே, மணல் உள்ள உலோகப் பெட்டியில் வைத்து, மின்கழிவு சேகரிப்பு இடத்துக்குக் கொடுங்கள். புகை வந்தால் கூடத்தைக் காலி செய்துவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

அறிகுறி 9: ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள்

பெண்கள் வருவதில்லை, சிறுவர்கள் அப்பாவோடு மட்டும் வருகிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர் யாரும் இல்லை. மேடையைப் பாருங்கள்: படியில்லாமல் ஏற வழி இருக்கிறதா? இல்லையென்றால், மேடைக்குப் பக்கத்திலேயே டிராக் தெரியும்படி தரையில் ஓர் இடம் ஒதுக்கலாம். கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா? காருடன் வந்த பெண்ணிடம் பேசாமல் கூட வந்த ஆணிடம் "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று கேட்கிறீர்களா?

பெற்றோர் சிறுவனை விட்டுவிட்டுப் போவது வேறு கோளாறு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பொறுப்பான பெரியவர் கூடத்தில் இருந்தே ஆக வேண்டும். யாரும் எந்தச் சிறுவரோடும் தனியறையில் இருக்கக் கூடாது. சிறுவரின் பாதுகாப்பைப் பற்றி ஒரு புகார் வந்தால் கிளப் விசாரிக்க வேண்டாம். அது குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளின் வேலை, அன்றே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 10: எல்லாம் ஒருவர் தலையில்

கதவைத் திறப்பவர், டிராக் போடுபவர், கணினி முன் அமர்பவர், பணம் வாங்குபவர் எல்லாம் ஒரே ஆளா? அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டாரா? அப்படியென்றால் அவர் விலகும் நாள் தூரத்தில் இல்லை. டிராக் போட்டு எடுக்க உதவுகிறவருக்கு நுழைவுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி கொடுங்கள். கிளப்புக்குக் கிடைக்கும் மலிவான உழைப்பு அதுதான். கணினிப் பணிக்கு இரண்டாவது ஆளைப் பழக்குங்கள், அவரை ஒரு முழு நாள் தனியாக நடத்த விடுங்கள். பணம் ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தால் கிளப் பெயரில் கணக்குத் தொடங்கி, இருவர் கையெழுத்து வையுங்கள்.

இடத்துக்கான குத்தகை எழுத்தில் வரும்போதும், யாருக்காவது காயம் பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போதும், ஒரு வழக்கறிஞரையும் காப்பீட்டு ஆலோசகரையும் பாருங்கள். ஓட்டுநர் மேடையை நீங்களே மரத்தில் கட்டியிருந்தால், பத்துப் பேர் ஏறுமுன் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும். மற்றபடி கூடத்துச் சாவியின் நகல், சுற்று எண்ணும் கணினியின் கடவுச்சொல், வாடகை கட்டும் தேதி ஆகிய மூன்றும் இரண்டாவது ஆளிடம் இந்த வாரமே போய்ச் சேர வேண்டும்.